ஏழெட்டு மாசம் வெளிநாடு சுத்தப் போறவங்க எந்தப் பைய எடுத்துட்டுப் போகணும்?

கும்பகோணத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். வேலைய விட்டுட்டு ஏழெட்டு மாசம் மலேசியா, தாய்லாந்து, வியட்நாம், அதுக்கப்புறம் ஐரோப்பான்னு சுத்தப் போறாராம். அம்மா 28 இன்ச் ட்ராலி வாங்குங்கறாங்க, ஃப்ரெண்ட் 70 லிட்டர் ரக்சாக் வாங்குங்கறான், வீட்டுப் பரண்ல அண்ணன் துபாய்லேர்ந்து கொண்டு வந்த பெரிய பெட்டி ஒண்ணு சும்மா கெடக்கு, இதுல எதுன்னு கேக்கறார்.

மூணும் வேண்டாம் தம்பி. 40 லிட்டர், மிஞ்சிப் போனா 45 லிட்டர்ல ஒரு பேக்பேக், கூடவே மடிச்சு உள்ள வச்சிக்கற மாதிரி ஒரு சின்ன பை, இது போதும். நான் இந்த ஊர்ல பை பெட்டி விக்கற, ரிப்பேரும் பண்ற கடைல ரொம்ப வருஷமா இருக்கேன், புதுசா வாங்கிட்டுப் போறவங்களையும் பாக்கறேன், அதே பெட்டி சக்கரம் இல்லாம திரும்பி வர்றதையும் பாக்கறேன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

கடைக்கு வர்ற எல்லாரும் மொதல்ல கேக்கறது "இதுல எவ்ளோ கொள்ளும்"னுதான். இத எங்கெங்க கையால தூக்கணும்னு ஒருத்தரும் யோசிக்கறதில்ல. ஏர்போர்ட்டுக்குள்ள எந்தப் பெட்டியும் வழுவழுன்னு ஓடும், அங்க யாருக்கும் பிரச்சனையே கெடையாது. நம்ம பக்கத்து ஆளுக்குப் பயணம் ஏர்போர்ட்லயா ஆரம்பிக்குது? சோழன் எக்ஸ்பிரஸ்லயோ உழவன்லயோ ஏறணும், மன்னார்குடிக்காரர்னா மன்னை, வண்டில சீட்டுக்கு அடில ஏற்கெனவே அஞ்சு பேர் மூட்டைய தள்ளி வச்சிருப்பாங்க, தாம்பரத்துல எறங்கி மேம்பாலப் படி ஏறி எறங்கி லோக்கல் ட்ரெய்ன் புடிச்சு ஏர்போர்ட் எதிர்ல இருக்கற திரிசூலம் ஸ்டேஷன் போகணும். இல்ல திருச்சிலேர்ந்து ஃப்ளைட்னா கவர்மெண்ட் பஸ், 28 இன்ச் பெட்டிய டிரைவர் பக்கத்துல நிறுத்தி வச்சிட்டு ஏறுறவங்க எறங்குறவங்க அத்தன பேர்ட்டயும் திட்டு வாங்கணும், லக்கேஜ் டிக்கெட்டும் போடுவாங்க. அந்தப் பக்கம் போனா வேற மாதிரி. ஹனோய் பழைய ஊர்ல நடபாதை முழுக்க பைக் நிக்கும், பெட்டிய ரோட்டுலதான் இழுக்கணும். தாய்லாந்துல சில தீவுல படகு கரை வரைக்கும் வராது, முட்டித் தண்ணில எறங்கி நடக்கணும். பாரிஸ் மெட்ரோல நெறய ஸ்டேஷன்ல லிஃப்ட் கெடையாது. வெனிஸ்ல பாலம்னாலே படிக்கட்டுதான். ரோம், ப்ராக் பக்கம் பழைய தெருவெல்லாம் கல்லு பாவினது, நாலு சக்கரப் பெட்டி அதுல பத்து நிமிஷம் ஓடினா சக்கரத்தோட கழுத்து ஆட ஆரம்பிச்சிடும். மாசத்துக்கு ஏழெட்டு ஊர் மாத்தறவருக்கு இந்த மாதிரி எடம் வாரா வாரம் வரும். அந்த எடத்துல உங்களால தனியா, யாரையும் கூப்பிடாம, பெட்டியத் தூக்கிட்டு நடக்க முடியணும்.

சரி, பேக்பேக்லயே ரெண்டு வகை இருக்கு. மலை ஏறுறவங்க வச்சிக்கறது மேல வாய் தொறந்து கயிறு போட்டு இழுத்துக் கட்டறது, அதுல அடில இருக்கற சட்டைய எடுக்கணும்னா மொத்தத்தையும் வெளில கொட்டணும். உங்களுக்கு வேணுங்கறது சூட்கேஸ் மாதிரி மூணு பக்கமும் ஜிப் ஓடி முழுசா தொறக்கறது. முதுகு அளவு பாத்து வாங்குங்க, ஆள் உயரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. தலைய குனிஞ்சா கழுத்துக்கு அடில ஒரு எலும்பு துருத்தும்ல, அங்கேர்ந்து இடுப்பெலும்பு மேட்டு வரைக்கும் ஒருத்தர விட்டு டேப் வச்சு அளக்கச் சொல்லுங்க, அதுதான் உங்க அளவு. இடுப்பு பெல்ட் தடியா பஞ்சு வச்சு, இடுப்பெலும்பு மேல உக்கார்ற மாதிரி இருக்கணும், வயித்துல கட்டறது இல்ல. அது சரியா உக்காந்தா பாரத்துல பெரும்பகுதி இடுப்புக்குப் போயிடும், தோளுக்கு மிச்சம்தான். நம்ம ஊர்ல விக்கற காலேஜ் பைல பெல்ட்னு பேருக்கு ஒரு நாடா தொங்கும், அது ஆடாம இருக்கத்தான், பாரம் தாங்காது. அப்புறம் தோள்பட்டை வாரையெல்லாம் உள்ள தள்ளி ஜிப் போட்டு மூடற வசதி இருக்கான்னு பாருங்க, செக்-இன்ல போட்டா அந்த வார்தான் ஏர்போர்ட்ல ஓடற பெல்ட்ல மாட்டிப் பிஞ்சு வரும். மழைக்கு மேலுறை குடுப்பாங்க, அத நம்பாதீங்க, முதுகுப் பக்கமா தண்ணி எறங்கும், உள்ள ஒரு பெரிய தடி பிளாஸ்டிக் கவர் போட்டு அதுக்குள்ள துணிய வைங்க.

70 லிட்டர் ஏன் வேண்டாம்னா, பை பெருசா இருந்தா அதுக்கேத்த மாதிரி நெறச்சிடுவோம், அது மனுஷ சுபாவம். 70 லிட்டர நெறச்சா பதினஞ்சு கிலோவுக்கு மேல போயிடும், அத மாட்டிக்கிட்டு வெயில்ல ஹாஸ்டல் தேடி நடந்து பாருங்க. 40 லிட்டருங்கறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 55 நீளம், 35 அகலம், 20 கனம், சென்டிமீட்டர்ல இத பெருக்கினா முப்பத்தெட்டு சொச்சம் லிட்டர் வரும், கேபின்ல மேல வைக்க விடற அளவு கிட்டத்தட்ட இதுதான், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். ஆனா "ஒரே பை, செக்-இன்னே கெடையாது"ன்னு வீடியோ போடறாங்க பாருங்க, அது பாதிதான் உண்மை. அளவு ஒத்து வந்தாலும் எடை ஒத்து வராது. ஏர்ஏசியா மாதிரி ஆசியா பட்ஜெட் ஃப்ளைட் பலதுலயும் கேபின் 7 கிலோதான், 40 லிட்டர் பைய ஒழுங்கா நெறச்சாலே பத்து கிலோ பக்கம் வந்துடும். ஐரோப்பா போனா ரயன்ஏர், விஸ் ஏர்லல்லாம் சீட்டுக்கு அடில தள்ளற சின்னப் பை மட்டும்தான் ஃப்ரீ, விஸ் ஏர்ல அது 40, 30, 20 சென்டிமீட்டர். அதனால டிக்கெட் போடும்போதே பேக்கேஜும் சேத்து வாங்கிடுங்க, கவுண்ட்டர்ல போய் நின்னா பல மடங்கு புடுங்குவாங்க. சின்னப் பையா இருந்தா எடை கம்மியான ஸ்லாப் போதும், ட்ரெய்ன்லயும் பஸ்லயும் மடிமேலயே வச்சிக்கலாம், அதுதான் லாபம்.

துணி விஷயம் சுருக்கமா சொல்லிடறேன், எட்டு மாசம் போனாலும் எட்டு நாள் துணிதான். தொவச்சுப் போட்டுக்க வேண்டியதுதான். துர்க்கி டவல் எடுத்துட்டுப் போகாதீங்க, நம்ம ஈரிழைத் துண்டு ரெண்டு வைங்க, பிழிஞ்சு ஃபேன் காத்துல போட்டா ஒரு மணி நேரத்துல காயும், எடையே இல்ல, வெயில்ல தலைல போட்டுக்கலாம், பஸ்ல ஏசி அதிகமா இருந்தா போத்திக்கலாம், வெளிநாட்டுக் கடைல மைக்ரோஃபைபர்னு பேர் போட்டு விக்கறத விட எனக்கு இதுதான் ஒசத்தி. குளிர் ஜாக்கெட்ட இங்கேர்ந்தே தூக்கிட்டுப் போய் நாலு மாசம் தாய்லாந்து வெயில்ல சுமக்காதீங்க, ஐரோப்பா போனப்புறம் செகண்ட் ஹேண்ட் கடைலயோ டெகத்லான்லயோ வாங்கிக்கலாம்.

இப்ப அம்மா சொன்னதுக்கு வர்றேன். அவங்க சொல்றது தப்புன்னு சொல்ல மாட்டேன், அவங்க மனசுல இருக்கற பயணம் வேற. நாகப்பட்டினத்துலேர்ந்து ரஜூலா கப்பல்ல பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன காலத்துல தகர டிரங்குப் பெட்டிதான், மேல பெயிண்ட்ல பேரும் ஊரும் எழுதி, கூலி ஆள் தூக்குவார், கப்பல் சுமக்கும், போய்ச் சேந்தா வருஷக்கணக்கா ஒரே எடம். அந்தப் பெட்டிக்கு அந்தப் பெருசு சரி. இன்னிக்கும் அமெரிக்காவுல பொண்ணு பிரசவத்துக்குன்னு ஆறு மாசம் போற அம்மா அப்பாவுக்கு, ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போற புள்ளைக்கு, ட்ராலிதான் சரி, வீட்டு வாசல்ல கார், அந்தப் பக்கம் எறங்கினா இன்னொரு கார். அவங்களுக்கும் நான் 28 இன்ச் பெட்டி ஒண்ணு சொல்ல மாட்டேன், 25, 26 இன்ச்ல ரெண்டு சொல்லுவேன். அமெரிக்கா டிக்கெட்ல பெரும்பாலும் 23 கிலோவுல ரெண்டு பீஸ்னு வரும், ஒண்ணுல சேத்து 40 கிலோ போட முடியாது, தூக்கற ஆளுக்கு முதுகு போயிடும்னு 32 கிலோவுக்கு மேல ஒரே பெட்டியா யாரும் எடுக்கறதில்ல. 28 இன்ச்ல மாவும் பொடியும் ஊறுகாயும் வச்சா பாதி நெறயறதுக்குள்ள 23 வந்துடும், மிச்ச எடத்துல ஜாடி உருண்டுட்டு கெடக்கும். காலிப் பெட்டியே நாலு கிலோ, அதையும் மறந்துடறாங்க. இன்னொண்ணு, நீளம் அகலம் கனம் மூணையும் கூட்டினா 158 சென்டிமீட்டர் தாண்டக் கூடாதுங்கறது நெறய ஏர்லைன்ஸ் விதி, சக்கரமும் கைப்பிடியும் சேத்துதான் அந்த அளவு, ஆடித் தள்ளுபடில மூணு பெட்டி செட்டுன்னு போடறாங்களே அதுல பெருசு சிலது இத தாண்டும், கடைலயே டேப் கேட்டு அளந்துடுங்க.

ட்ராலி வாங்கறவங்க கடைல பெட்டியத் தலைகீழா கவுத்துப் பாக்கணும், வெளிப் பளபளப்ப அப்புறம் பாத்துக்கலாம். சக்கரம் ஸ்க்ரூ போட்டு மாட்டிருக்கா, ரிவெட் அடிச்சிருக்கான்னு பாருங்க. ஸ்க்ரூன்னா எந்த ஊர்லயும் கழட்டி மாத்திடலாம். ரிவெட்னா நாங்க ஆக்ஸா பிளேடு வச்சு அச்ச அறுத்து, அதே விட்டத்துல வேற சக்கரம் தேடி, போல்ட்டும் லாக் நட்டும் போட்டு முடுக்கணும், பண்ணலாம், ஆனா வெளிநாட்டுல அதுக்கு ஆள் தேடுறதுக்குள்ள பாதிப் பயணம் போயிடும். ரெண்டு சக்கரப் பெட்டில சக்கரம் உடம்புக்குள்ள பாதி அமுங்கி இருக்கும், அடி படறது கம்மி, கரடுமுரடு ரோட்டுக்கு அதுதான். நாலு சக்கரம் ஏர்போர்ட் தரைக்கு சுகம், ஆனா சக்கரம் வெளில துருத்திட்டு நிக்கும், தூக்கிப் போடும்போது மொத அடி அதுக்குத்தான். கைப்பிடிய முழுசா இழுத்து ரெண்டு பக்கமும் ஆட்டுங்க, புதுசுலயே லொடலொடன்னா விட்டுடுங்க. ஜிப்ப மூலைல ஒரு கையால ஓட்டிப் பாருங்க.

மெட்டீரியல்னு பாத்தா, மலிவு விலை ஹார்டு பெட்டி பலதும் ஏபிஎஸ்ங்கற பிளாஸ்டிக். அடி வாங்கின எடத்துல வெள்ளையா கோடு விழும், அடுத்த அடில அங்கயே பொளந்துக்கும். பாலிகார்பனேட்னா கட்டைவிரலால நடுவுல அமுக்கினா உள்ள போயி டப்புன்னு திரும்ப வரும், அதான் உடையாம தப்பிக்குது, வெல கூடத்தான். பாலிப்ரோப்பிலீன் லேசு, அதுவும் நல்லதுதான். எனக்குக் கேட்டா ட்ராலிதான்னு முடிவு பண்ணிட்டா நீண்ட பயணத்துக்குத் துணிப் பெட்டிதான் புடிக்கும், ஹார்டு பெட்டி நடுவுல ரெண்டாப் பொளந்து தொறக்கறது, ஹாஸ்டல் ரூம்ல அத விரிக்கத் தரைல எடம் இருக்காது, துணிப் பெட்டி மூடிய மட்டும் தூக்கினாப் போதும், வெளி பாக்கெட்டும் இருக்கும். கிழிஞ்சாலும் தெருவுல ஒரு செருப்பு தைக்கறவர் தச்சுக் குடுத்துடுவார், ஓடஞ்ச ஹார்டு பெட்டிக்கு அப்படி வழி இல்ல.

பரண்ல கெடக்கற பெட்டிதான் இருக்கறதுலயே ஆபத்து. பாக்க புதுசு மாதிரியே இருக்கும், நாலஞ்சு வருஷமா யாரும் தொடல, எடுத்து தொடச்சா பளிச்சுனு இருக்கும், ஏர்போர்ட் வாசல்ல எறக்கி நூறடி இழுத்தா பின்னாடி கருப்பா துண்டு துண்டா உதிர்ந்து கெடக்கும். தரக்கொறவுன்னு நெனச்சுக்கறாங்க. விஷயம் என்னன்னா, சத்தம் வராம மெத்துனு ஓடறதுக்கு சக்கரத்து மேல பாலியூரித்தேன்னு ஒண்ணு பல பெட்டில போட்டிருப்பாங்க, காத்துல இருக்கற ஈரமே அத கொஞ்சம் கொஞ்சமா உள்ளேர்ந்து உடைக்கும், ஓட்டினாதான் தேயும்னு இல்ல, சும்மா வச்சிருந்தாலே கெட்டுப் போகும். இத ஹைட்ராலிசிஸ்னு சொல்றாங்க. நம்ம டெல்டாவுல ஐப்பசி கார்த்திகை ஈரம், சித்திரை வைகாசில பரண் மேல அடிக்கற சூடு, ரெண்டும் சேந்தா வேகமாவே நடக்கும். உள் லைனிங் பின்னாடி பூசின கோட்டிங்கும் இதே மாதிரி பிசுபிசுன்னு ஆகி துணில ஒட்டும். பரண்லேர்ந்து எறக்கின உடனே சக்கரத்த நகத்தால அழுத்துங்க, தழும்பு அப்படியே நின்னாலோ, மாவா உதிர்ந்தாலோ, கைல ஒட்டினாலோ அது முடிஞ்ச கேஸ். கூடு நல்லா இருந்தா சக்கரம் மட்டும் மாத்திக்கலாம், விட்டம், அகலம், அச்சு ஓட்டை மூணையும் மில்லிமீட்டர்ல அளந்துட்டு வாங்க, பொருந்தற சக்கரம் பெரும்பாலும் கெடைக்கும்.

பூட்டுல பெரிய நம்பிக்கை வைக்காதீங்க. ஜிப் பல்லுக்கு நடுவுல ஒரு பால் பாயிண்ட் பேனாவக் குத்தினா பொளந்துக்கும், பூட்டு பூட்டுனபடியே இருக்கும், அப்புறம் ஜிப்ப ஓட்டி மூடிடலாம், தொறந்ததே தெரியாது. டிஎஸ்ஏ பூட்டு அமெரிக்கா போறவங்களுக்குத் தேவை, அங்க செக் பண்றவங்க உடைக்காம சாவி போட்டுத் தொறப்பாங்க. அந்த மாஸ்டர் சாவியோட படம் பத்திரிகைல வந்து அதப் பாத்தே பிரிண்ட் பண்ணிட்டாங்க, அதனால அதுவும் கௌரவத்துக்குத்தான். நகை, பாஸ்போர்ட், மாத்திரை கைப்பைலதான். பவர் பேங்க்கும் கைப்பைலதான், செக்-இன்ல போடவே கூடாது, 100 வாட் அவர் வரைக்கும் விடுவாங்க, 20,000 எம்ஏஎச் பவர் பேங்க்னா 74 வாட் அவர்தான், தைரியமா எடுத்துட்டுப் போகலாம். 2025 ஜனவரில கொரியாவுல ஏர் பூசான் ஃப்ளைட் தீப்பிடிச்சதுக்கப்புறம் நெறய ஏர்லைன்ஸ்ல உள்ள உக்காந்து அத யூஸ் பண்ணவும் விடறதில்ல. கேட்ல வச்சு "எடம் இல்ல, கேபின் பைய கீழ போடறோம்"னு வாங்கிட்டாங்கன்னா மறக்காம பவர் பேங்க்க வெளில எடுத்துடுங்க. சார்ஜர் வச்ச ஸ்மார்ட் பெட்டி வாங்கினா பேட்டரி கழட்டற மாதிரி இருக்கணும், இல்லன்னா ஏத்த மாட்டாங்க.

தம்பிக்குத் தேவையில்ல, ஆனா குடியேறப் போறவங்க கேக்கறதால சொல்றேன், நாச்சியார்கோயில் குத்துவிளக்க முழுசா வைக்காதீங்க, மரை கழட்டி அடிப்பாகம், தண்டு, அகல், மேல அன்னம் எல்லாத்தையும் தனித்தனியா பழைய வேட்டில சுத்தி பெட்டிக்கு நடுவுல வைங்க, அடிப்பாகம் சக்கரத்துப் பக்கம் வரணும், மேல வந்தா பெட்டி நிக்காது, குப்புற விழும். சுவாமிமலை விக்ரகம்னா பழம்பொருள் இல்லன்னு தொல்லியல் துறை சான்றிதழ் கைல இருக்கட்டும். கொப்பரை தானா சூடேறி தீப்பிடிக்கும்னு ஆபத்துப் பொருள் கணக்குல வருது, எடுத்துப் போட்டுடுவாங்க. துபாய், அபுதாபி பக்கம்னா கசகசா ஒரு சிட்டிகை கூட வேண்டாம், அங்க அது போதைப்பொருள் கணக்கு, ஜெயில்தான். கயிறு கட்டின மூட்டையும் வேண்டாம், துபாய்ல 2017 மார்ச்லேர்ந்து உருண்டையா கோணலா இருக்கறத ஏத்துக்கறதில்ல, ஒரு பக்கமாவது தட்டையா இருக்கணும்.

பெட்டி ஓடஞ்சு வந்தா ஏர்போர்ட்ட விட்டு வெளில வர்றதுக்கு முன்னாடியே பேக்கேஜ் கவுண்ட்டர்ல பிஐஆர்னு ஒரு ரிப்போர்ட் எழுதி வாங்குங்க. மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள்ள, லேட்டா வந்ததுக்கு பெட்டி கைக்கு வந்ததுலேர்ந்து 21 நாளுக்குள்ள எழுத்துல புகார் குடுக்கணும், நஷ்ட ஈடு ஒரு ஆளுக்கு மிஞ்சிப் போனா 1,519 எஸ்டிஆர் (ஐஎம்எஃப் வச்சிருக்கற ஒரு கணக்குப் பணம்), 2024 டிசம்பர் 28லேர்ந்து இந்தக் கணக்கு. கீறல், சின்ன நசுங்கல், தேஞ்ச சக்கரத்துக்கெல்லாம் தர மாட்டாங்க. கவுண்ட்டர்ல போடறதுக்கு முன்னாடி பெட்டிய நாலு பக்கமும், அப்புறம் தொறந்து வச்சு ஒரு தடவையும் போட்டோ எடுத்து வச்சிக்குங்க, போன பயணத்து பார்கோடு ஸ்டிக்கரையும் கிழிச்சிடுங்க, அது இருந்தா பெட்டி வேற ஊருக்குப் போக வாய்ப்பிருக்கு.

கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே பைய வாங்கி, கொண்டு போற சாமான் அத்தனையும் வச்சு, முதுகுல மாட்டிக்கிட்டு வெயில்லயே மகாமகக் குளத்த ரெண்டு சுத்து சுத்தி வாங்க. தோள் இழுத்தா இடுப்பு பெல்ட்ட ஏத்திக் கட்டிப் பாருங்க, அப்பவும் இழுத்தா முதுகு அளவு உங்களுக்கு ஒத்து வரல, டேக்கையும் பில்லையும் கிழிக்காம வச்சிருந்தா கடைல மாத்திக் குடுப்பாங்க.